விடை சொல்லும் கருவியா, வினாக் கேட்கும் கருவியா?



1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியை முதலில் சொல்கிறேன். தாமஸ் ஆல்வா எடிசன் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். அவருடைய நிறுவனத்தில் வேலை கேட்டுக் கல்லூரிப் பட்டதாரிகள் பலர் வந்தார்கள். அவர்களில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்க எடிசன் ஏறத்தாழ 150 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். "பிரான்சு நாட்டின் எல்லையில் உள்ள நாடுகள் எவை?" என்பது ஒரு வினா. "20-க்கு 30-க்கு 10 என்ற அளவுள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றின் எடை என்ன?" என்பது மற்றொரு வினா. வந்தவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? தேர்வு எழுதிய ஒருவர் தம் நினைவில் நின்ற வினாக்களைச் செய்தித்தாளுக்குச் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு மே மாதம் அவை அச்சில் வந்தன. வினாக்கள் வெளியே வந்துவிட்டால் விடைகளைத் தேடி மனப்பாடம் செய்துகொள்ளலாம் அல்லவா? எடிசன் வேறு வினாக்களைத் தயாரிக்க வேண்டியதாயிற்று.

அதே மாதத்தில் ஐன்ஸ்டீன் பாஸ்டன் நகருக்கு வந்திருந்தார். எடிசனின் வினாக்களில் ஒன்றை அவரிடமும் கேட்டார்கள். "ஒலியின் வேகம் என்ன?" அது தமக்கு உடனே நினைவுக்கு வரவில்லை என்றும், பாடநூல்களில் எளிதில் கிடைக்கும் செய்திகளைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்றும் அவர் சொன்னார். எடிசன் தேர்வில் ஐன்ஸ்டீன் தோற்றார் என்று பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின.

நூறு ஆண்டுகளுக்கு முன் எடிசனுக்கு ஏற்பட்ட அதே சங்கடம் இன்று உலகில் வேலைக்கு ஆள் எடுக்கும் எல்லோருக்கும் ஏற்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நீங்கள் அறிவீர்கள். சாட்ஜிபிடி என்னும் கருவி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பல கருவிகள் வந்துவிட்டன. நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய எந்த வினாவைக் கொடுத்தாலும் அவை சில விநாடிகளில் விடை எழுதித் தருகின்றன. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்பன போன்ற வினாக்களுக்கும் அழகான விடை வருகிறது. அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு இண்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இன்று ஏராளம்.

உங்களுக்கு அந்த நாள் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்பவர்களுக்கு அது விரைவிலேயே வந்துவிடும். இப்போதுகூட அறிவியல் கண்காட்சியில் நடுவர்கள் உங்களிடம் வினாக் கேட்கிறார்கள். அதுவும் ஒரு சிறிய நேர்முகத் தேர்வுதான். ஆகவே இதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

இந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நன்றாகப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதனிடம் விடை கேட்காதீர்கள். அதை உங்களிடம் வினாக் கேட்கச் சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

அறையில் எத்தனை கிலோ காற்று?

எடிசனின் அந்த இரண்டாவது வினாவை எடுத்துக்கொள்வோம். அளவுகளை அடிக் கணக்கில் கொண்டால் அறையின் கொள்ளளவு 20 x 30 x 10 = 6,000 கன அடி. இது ஏறத்தாழ 170 கன மீட்டர். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். பெருக்கிப் பாருங்கள். விடை 204 கிலோகிராம்! ஓர் அறைக்குள் இரண்டு மூட்டை நெல்லைவிடக் கனமாகக் காற்று இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இரண்டு மாணவர்கள் இந்த வினாவுக்கு விடை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கருவியிடம் கேட்டு "204 கிலோ" என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர். மற்றவர் கணக்குப் போட்டுக் கண்டவர். இருவர் விடையும் சரி. விடையை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

தேர்வாளர் அடுத்த வினாவைக் கேட்கிறார். "அதே அறை ஊட்டியில் இருந்தால் எவ்வளவு?"

மனப்பாடம் செய்தவர் விழிக்கிறார். கணக்குப் போட்டவரோ யோசிக்கத் தொடங்குகிறார். "ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். ஆகவே எடையும் குறையும்." அவருக்குச் சரியான எண் தெரியாமல் இருக்கலாம். அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆகவே சுமார் 160 கிலோ என்று சொல்ல முடிந்தால் மிக நன்று. எண் வராவிட்டாலும் அவர் சிந்திக்கும் வழி தேர்வாளருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தேடியதும் அதைத்தான்.

நேர்முகத் தேர்வு என்பது இந்த இரண்டாவது வினாவுக்காகத்தான் இருக்கிறது. முதல் வினாவுக்கு விடை எழுதித் தாளை நீட்டினால் போதுமென்றால் எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் மொத்த மதிப்பெண் 2,025. அவற்றில் 275 நேர்முகத் தேர்வுக்கு உரியவை. எழுத்துத் தேர்வுகளைக் கடந்து வந்தவர்களை மறுபடியும் அழைத்து எதற்காகப் பேச வேண்டும்? தாளில் தெரியாத ஒன்றைப் பேச்சில் பார்ப்பதற்காகத்தான்.

அந்தக் கருவி எப்படிப் பேசுகிறது?

கருவி தரும் விடைகள் ஏன் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். "விடாமல் மழை பெய்ததால் ஆற்றில் ..." என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் வகுப்பு நண்பர்கள் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அடுத்த சொல்லை நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் "வெள்ளம்" என்றுதான் எழுதுவார்கள். "முதலை" என்று ஒருவரும் எழுதமாட்டார். ஏன்? இதுவரை அவர்கள் கேட்டும் படித்தும் வந்த வாக்கியங்களில் அந்த இடத்தில் வெள்ளம்தான் அடிக்கடி வந்திருக்கிறது.

இந்தக் கருவிகளும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. கணக்கற்ற பக்கங்களை அவற்றுக்குக் கொடுத்து, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடப் பழக்கியிருக்கிறார்கள். பிறகு மனிதர்கள் விரும்பும் வகையில் விடை தருமாறும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே "உங்கள் பலம் என்ன?" என்று நீங்கள் கேட்டால் என்ன நடக்கிறது? அந்த வினாவுக்கு உலகம் வழக்கமாகச் சொல்லும் விடையை அது கோத்துத் தருகிறது. "நான் கடின உழைப்பாளி. குழுவாக இணைந்து பணியாற்றுவேன். சவால்களை விரும்பி ஏற்பேன்."

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே நாளில் நாற்பது பேரைப் பார்க்கும் தேர்வாளரை நினைத்துப் பாருங்கள். முப்பது பேர் இதையே சொன்னால் அவர் யாரை நினைவில் வைத்துக்கொள்வார்? "சவாலை விரும்பி ஏற்பேன் என்றீர்களே, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டால் கருவி என்ன செய்யும்? நீங்கள் அப்பாவின் சைக்கிள் கடையில் விடுமுறை நாள்களில் பஞ்சர் ஒட்டியது அதற்குத் தெரியாது. பள்ளித் தோட்டத்தின் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது நீங்கள் அதைச் சரி செய்ததும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். உங்களைப் பற்றிய செய்தி உங்களிடம்தான் இருக்கிறது.

தெரியும் என்ற எண்ணம்

இனி, நம் மூளையைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு முறையில் அதையே மீண்டும் படிக்கச் செய்தார்கள். மற்றொரு முறையில் பகுதியை வாங்கி வைத்துக்கொண்டு, நினைவில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காடு நினைவு வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடுதான்.

"பார்த்தீர்களா, திரும்பப் படிப்பதுதானே நல்லது?" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழாக மாறியது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் செய்த மற்றொரு சோதனையில், பலமுறை திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். படிக்கப் படிக்கச் சொற்கள் பழகிப் போகின்றன. பழகிப் போனதைத் தெரிந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

கருவி எழுதித் தந்த விடையை நீங்கள் ஐந்தாறு முறை படிக்கும்போதும் இதுதான் நிகழ்கிறது. சரளமான நடை. தெளிவான வாக்கியங்கள். "ஓ, இது எனக்குத் தெரியுமே!" என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-இல் காட்டினார்கள். பூட்டு, ஜிப் போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பலரிடம் கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, "சரி, படிப்படியாக விளக்குங்கள்" என்றார்கள். விளக்க முயன்ற பிறகு மீண்டும் மதிப்பெண் போடச் சொன்னபோது அவர்கள் தங்களுக்குக் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள். நீங்களும் முயன்று பாருங்கள். உங்கள் பையில் இருக்கும் ஜிப்பின் இரண்டு வரிசைப் பற்களை அந்தச் சிறு இழுவை எப்படிக் கோக்கிறது என்று தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று உடனே தெரியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். திரையில் எழுதிய சுரைக்காய்க்கும் அது பொருந்தும்.

வினாக் கேட்கும் வேலையை அதனிடம் கொடுங்கள்

ஆக, நமக்கு வேண்டியது வாய்விட்டு விளக்கிப் பார்க்கும் பயிற்சி. அதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். சலிக்காமல் வினாக் கேட்க வேண்டும். நாம் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த வினாவைக் கேட்க வேண்டும். இந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி நன்றாகப் பொருந்துகிறது.

கணிப்பொறியோடு மனிதர் உரையாடிய ஆரம்ப நாள்களிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1966-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். அதற்கு எதுவும் தெரியாது. நாம் சொன்ன சொல்லையே திருப்பி வினாவாக்கிக் கேட்கும். அவ்வளவுதான். ஆனாலும் அதனோடு பேசியவர்கள் மேலும் மேலும் பேசினார்கள். நம்மைப் பேசவைக்க ஒரு நல்ல வினா போதும்.

இன்றைய கருவியை இதற்குப் பயன்படுத்தும்போது தெளிவாகக் கட்டளையிட வேண்டும். கட்டளை இல்லாவிட்டால் அது தன் வழக்கப்படி விடையைக் கொட்டிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் எலெக்ட்ரீஷியன் பயிற்சிப் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வினா மட்டும் கேள். விடையை நீ சொல்லாதே. நான் சொல்லும் விடையில் தெளிவில்லாத இடத்தைக் காட்டி, அதிலிருந்தே அடுத்த வினாவைக் கேள். என்னைப் பாராட்டாதே."

ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு மாணவி இப்படிக் கட்டளையிட்டால் உரையாடல் எப்படிப் போகலாம்? ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன்.

"மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது?" என்று கருவி கேட்கிறது.

"பாதுகாப்புக்காக" என்கிறாள் மாணவி.

"எந்த வகையில் பாதுகாப்பு?"

அவள் யோசிக்கிறாள். "பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொடும். எடுக்கும்போது கடைசியில் விடும். ஆகவே கருவிக்கு மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் எர்த்தும் இருக்கும்."

"வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, மின்கசிவிலிருந்து மனிதரைக் காக்க அது போதாதா?"

இங்கே அவள் நின்றுவிடுகிறாள். போதும் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். உடனே விடையைக் கேட்காமல், தாளை எடுத்துக் கணக்குப் போடுகிறாள். மின் அழுத்தம் 230 வோல்ட். உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால் உடல் வழியாகப் பாயும் மின்னோட்டம் 230 / 1,000 = 0.23 ஆம்பியர். ஆளைக் கொல்ல இது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது அசையாது. ஆகவேதான் ஆர்.சி.சி.பி. என்ற மற்றொரு சாதனத்தைப் பொருத்துகிறார்கள். ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் பொருத்தும் வகை, வேறுபாடு 0.03 ஆம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ இணைப்பைத் துண்டித்துவிடும்.

பாருங்கள், நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதிதான் இது! ஒரு நல்ல வினா அதை வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டிவரை கொண்டு வந்து சேர்த்துவிட்டது. இந்த மாணவியிடம் தேர்வாளர் அடுத்த நாள் வேறு எந்த வினாவைக் கேட்டாலும் அவள் தாளை எடுத்துக் கணக்குப் போடத் தயங்கமாட்டாள்.

அதன் சொல்லே தீர்ப்பன்று

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தக் கருவிகள் இல்லாததை இருப்பதுபோலவே சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் கருவி எழுதித் தந்த முன்வழக்குகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடக்கவில்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே இந்த நிலை. ஆகவே கருவி சொல்லும் எண்ணையும் பெயரையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தைப் பற்றி அது சொல்வதையும் அந்த நிறுவனத்தின் சொந்த வெளியீடுகளோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, இவை நம்மைப் புகழும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு பயன்படுத்துபவர்களை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று புகார் எழுந்தது. அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே சில நாள்களில் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றது. "மிக அருமையான விடை!" என்று கருவி சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். "இதில் மூன்று குறைகளைச் சொல்" என்று கேளுங்கள்.

அது குறை சொன்னாலும் சோர்ந்துவிட வேண்டாம். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே "பெண்கள்" என்ற சொல் காணப்பட்ட விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சியை நிறுவனம் கைவிட்டது. இச்செய்தி 2018-இல் வெளியாயிற்று. பழைய பழக்கத்தைக் கற்றுக்கொண்ட கருவி பழைய தவற்றையும் கற்றுக்கொள்கிறது. உங்கள் தகுதியைப் பற்றி அது சொல்வது ஒரு கருத்து மட்டுமே.

இன்னொன்று. ஆதார் எண், தொலைபேசி எண், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை அதனிடம் கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு அவை தேவையே இல்லை. இக்கருவிகள் பலவற்றுக்கு வயது வரம்பும் உண்டு. பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ சொல்லிவிட்டு அவர்கள் துணையோடு பயன்படுத்துங்கள்.

"எப்படியும் வேலையில் அதைத்தானே பயன்படுத்தப் போகிறோம்?"

இப்படி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாளை அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் இக்கருவிகள் இருக்கும். பிறகு நேர்முகத் தேர்வில் மட்டும் நம் தலையையே நம்ப வேண்டும் என்பது ஏன்?

கால்குலேட்டரை எண்ணிப் பாருங்கள். 40 x 30 என்று அழுத்த நினைத்து, கை தவறி 400 x 30 என்று அழுத்திவிட்டால் அது 12,000 என்று காட்டும். பெருக்கல் அறிந்தவருக்கு "எங்கோ தவறு" என்று உடனே தெரியும். அறியாதவர் 12,000 என்றே எழுதிவிட்டுப் போவார். கருவி எவ்வளவு வலிமையானதோ அவ்வளவுக்கு அதைக் கையாள்பவருக்கும் அறிவு வேண்டும். தேர்வாளர் தேடுவது, கருவியின் விடை தவறாக இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆளை. தவறான விடையை அப்படியே ஒப்பிக்கும் ஆளுக்கு எதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்?

வீட்டிலிருந்தபடியே திரை வழியாக நடக்கும் நேர்முகத் தேர்வில், தேர்வாளர் கேட்கும் வினாவைக் கருவிக்கு ஒட்டுக்கேட்க வைத்து, அது காட்டும் விடையைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இது பரீட்சையில் துண்டுச்சீட்டு வைப்பதற்குச் சமம். நேர்மையற்ற செயல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி வேலை கிடைத்தால் மறுநாள் காலையில் அங்கே போய் நிற்கப் போவது யார்? மின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கம்பியைத் தொடலாம் என்று தெரியாமல் நிற்கும் நிலை வேண்டாமே! இரவல் நகையைக் கல்யாணம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம். இரவல் விடையால் வந்த வேலையை ஒவ்வொரு நாளும் செய்தாக வேண்டும்.

யாருக்கு இது அதிகம் தேவை?

இதுவரை சொன்னவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு.

வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு புதிதன்று. அப்பாவோ அம்மாவோ, அண்ணனோ மாமாவோ அதைச் சந்தித்திருப்பார்கள். "இப்படி உட்கார், இப்படிப் பேசு, இதைக் கேட்பார்கள்" என்று சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லித் தருவார்கள். பணம் கட்டிப் பயிற்சி மையத்துக்கும் அனுப்புவார்கள். ஆனால் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைக்கு? வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய் அவனைப் படிக்கவைத்த பெற்றோருக்கு எல்லா அன்பும் உண்டு. இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பது மட்டும் தெரியாது. அது அவர்கள் குற்றமா?

அந்தப் பிள்ளைக்கு எதிரில் அமர்ந்து, தமிழிலேயே, எத்தனை முறை தடுமாறினாலும் சிரிக்காமல், இரவு ஒன்பது மணிக்கும் வினாக் கேட்க ஒரு துணை கிடைத்திருக்கிறது. முன் தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை. இப்படிப்பட்ட துணையை விடை எழுதித் தரும் எடுபிடியாக மட்டும் வைத்துக்கொண்டால், இழப்பு யாருக்கு? வசதியுள்ள பிள்ளைக்குச் சொல்லித்தர வேறு ஆள்கள் இருக்கிறார்கள். அவன் கருவியை வீணாக்கினாலும் தப்பித்துக்கொள்வான். யாரும் இல்லாத பிள்ளைக்குத்தான் பெரிய இழப்பு.

ஆனால் கருவியோடு நின்றுவிடவும் கூடாது. நீங்கள் நாற்காலியில் எப்படி உட்காருகிறீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களா, பதற்றத்தில் வாக்கியத்தை விழுங்குகிறீர்களா என்பதை எழுத்து உரையாடலில் அது அறியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும். பள்ளியில் இயற்பியல் ஆசிரியரைக் கேளுங்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து, சனிக்கிழமை மாலை ஒருவர் மாற்றி ஒருவர் தேர்வாளராக உட்காருங்கள். கருவியிடம் பயிற்சி பெற்ற வினாக்களை அங்கே ஒருவரை ஒருவர் கேளுங்கள். ஒரு கைப்பேசிகூட இல்லாத நண்பனும் இதில் சேர்ந்துகொள்ள முடியும்.

தொடங்குவதற்கு வேலை விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் உங்கள் அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பாடத்தில் உங்களிடம் பத்து வினாக்கள் கேட்கும்படி கருவியிடமோ நண்பனிடமோ சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பிறகு "ஏன்?" என்று ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். எந்த "ஏன்"-இல் நீங்கள் நிற்கிறீர்களோ அந்தப் பக்கத்தைத் திறந்து மீண்டும் படியுங்கள். அங்கிருந்துதான் உங்கள் தயாரிப்பு தொடங்குகிறது.